கட்டில் பார்க்க வந்த சனம்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. நாலு பேர் வாசிக்கிற மாதிரி எழுதிப் பழக்கமும் இல்லை. மருமகள் கமலாதான், "நீங்கள் கதைக்கிற மாதிரியே எழுதுங்கோ மாமி, பிழையை நான் திருத்துறன்" என்று கடதாசியும் பேனையும் தந்து இருத்திவிட்டாள். முன்னுக்கு வரவேண்டியது பின்னுக்கு வரலாம். சில பேர்கள் மறந்து போச்சு. ஊரில் இருந்து வாசிக்கிறவர்களும், என்னைப் போல பிள்ளைகளுக்குப் பின்னால் கடல் தாண்டி வந்தவர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் இருப்பது மெல்பனிலிருந்து வெகுதூரம் ரயிலில் வந்து, மலை தொடங்குகிற இடத்தில் உள்ள ஒரு சின்ன ஊர். ஒரு கடைத்தெரு, ஒரு பள்ளிக்கூடம், கல்லால் கட்டிய ஒரு தேவாலயம். மகன் ராசன் அந்தப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கமலா ஆஸ்பத்திரியில் தாதி. அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை. இந்த ஊரில் எனக்கு இன்றுவரை பிடிபடாதது படலைதான். முழங்கால் உயரம், அவ்வளவுதான். பூட்டு இல்லை, நாய் இல்லை. பால்காரன் விடியமுன் வந்து போத்தலை வாசலில் வைத்துவிட்டுப் போகிறான், அது எடுப்பாரில்லாமல் அப்படியே நிற்கிறது. யாழ்ப்பாணத்தில் ஆளுயரத்துக்குக் கிடுகு வேலி அடைத்து, படலையில் நின்று கூப்பிட்டு, உள்ளிருந்து சத்தம் வந்த பிறகுதான் கால் வைப்பார்கள். இந்த முழங்கால் படலையைப் பார்க்கும்போதெல்லாம் உடுப்பில்லாமல் தெருவில் நிற்கிற மாதிரி எனக்குக் கூசும். நான் முன்பக்க அறையில் இருக்கவே மாட்டேன். சமைக்கிற குசினிதான் என் இடம்.

எனக்கு ஏன் இவ்வளவு பயம் என்று கேட்பீர்கள். குருநாகலில் எங்களுக்குச் சின்னதாக ஒரு கடையும் அதற்குப் பின்னால் வீடும் இருந்தது. என் வீட்டுக்காரர் முதலே கண்ணை மூடிவிட்டார், அந்த மட்டில் அவருக்கு நிம்மதி. எழுபத்தேழில் தமிழரை அடித்துக் கலைத்த கலவரத்தில் நான் தனியாக இருந்தேன். பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண் சோமாவதி ஓடிவந்து என்னைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தன் கட்டிலுக்குக் கீழே தள்ளினாள். விரிப்பை நிலம் முட்ட இழுத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் படலை விழுகிற சத்தம் கேட்டது. வந்தவர்களுடைய முகம் எனக்குத் தெரியாது. விரிப்பின் விளிம்புக்குக் கீழே கால்கள்தான் தெரிந்தன. ஒரு ரப்பர் செருப்பில் வார் அறுந்து, அதற்குச் சட்டை ஊசி குத்தியிருந்தது. அந்தச் செருப்பு என் மூக்குக்கு முன்னால் நின்றது, பிறகு திரும்பிப் போனது. எங்கள் வீட்டு ஓடு வெடிக்கிற சத்தத்தை நான் கட்டிலுக்குக் கீழே கிடந்துதான் கேட்டேன்.

பிறகு அகதிகளோடு கப்பலில் யாழ்ப்பாணத்துக்கு வந்து தங்கச்சி வீட்டில் ஒதுங்கினேன். அங்கே இருந்தபோதுதான் அடுத்த வருஷம் மகன் என்னை இங்கே கூப்பிட்டான். விசிட் விசா என்று அதற்குப் பெயர். சும்மா பார்த்துவிட்டுப் போக. இங்கே வந்த பிறகு, அம்மா எங்களோடேயே இருக்கட்டும் என்று ராசன் குடிவரவுக் கந்தோருக்கு எழுதிப்போட்டான். பதில் வரவில்லை. "கடிதம் வருமட்டும் ஆரும் கேட்டால் விசிட்டுக்கு வந்தனான் எண்டு மட்டும் சொல்லுங்கோ அம்மா" என்றான். அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்கு அது வயிற்றில் கல்லைப் போட்ட மாதிரி இருந்தது. திருப்பி அனுப்பினால் எங்கே போவேன்? நான் பாய் விரித்துப் படுத்த மூலையில் இப்போது மருமகனின் தையல் மெசின் நிற்கிறது என்று தங்கச்சி எழுதியிருந்தாள். அவள் குத்திக்காட்ட எழுதவில்லை, புதினமாகத்தான் எழுதினாள். ஆனாலும் நான் அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

அந்தக் கல்லுக்கு மேலே இன்னொரு கல்லை வைத்தவர் ஸ்பிரிங்வேல் பொன்னம்மா அக்கா. என்னைப் போலவே மெல்பனில் மகனிடம் வந்திருந்தவர். ஒருநாள் அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போனபோது, குசினியில் என்னைத் தனியாக மறித்துக் காதுக்குள் சொன்னார். விசிட்டுக்கு வந்து நிற்கிறவர்களைப் பிடிக்கக் கந்தோர் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை பார்த்து வருவார்களாம், அப்போதுதான் எல்லோரும் வீட்டில் இருப்பார்களாம். "வந்து ஆளைத் தேடமாட்டினம் பிள்ளை. ஆள் ஒளிக்கும். கட்டிலைத்தான் எண்ணுவினம். கட்டில் ஒளிக்காதெல்லே" என்றார். இது உண்மையா, யாரிடம் கேள்விப்பட்டார் என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் மூன்று கட்டில். மகனும் மருமகளும் படுப்பது ஒன்று, குழந்தையினது ஒன்று, எனக்கென்று வாங்கிய மடக்குக் கட்டில் ஒன்று. இரும்புக் கால், பச்சைக் கன்வஸ் துணி.

இப்போது பூ விஷயத்துக்கு வருகிறேன். இங்கே ஐப்பசியில் வசந்தம். எங்களுக்கு மழை கொட்டுகிற மாதத்தில் இவர்களுக்குப் பூ கொட்டுகிறது. நாங்கள் வாங்கிய வீட்டை முன்பு வைத்திருந்த கிழவர் பெரிய தோட்டப் பிரியர். அவர் நட்டதெல்லாம் நாங்கள் வந்த பிறகும் தன்பாட்டில் பூத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் விடுவது நான்தான். பின்னேரங்களில் தெருவில் ஆள் இல்லாத நேரம் பார்த்து இறங்கி விடுவேன். ஒரு பின்னேரம் முன்வீட்டு மிஸிஸ் பெய்லி வந்தார். உயரமான, எலும்பான மனிசி, எப்போதும் தொப்பி. நான் உள்ளே ஓட முதல் படலையைத் தாண்டிவிட்டார். தோட்டத்தைச் சுற்றி நடந்தார், எட்டிப் பார்த்தார், தலையை ஆட்டினார். பிறகு என்னிடம் நீளமாக ஏதோ சொன்னார். எனக்கு விளங்கினது "சண்டே" என்ற சொல்லும் "பீப்பிள்" என்ற சொல்லும். கடைசியில் மூன்று விரலைத் தூக்கிக் காட்டி, சிரித்துக்கொண்டு, "திறீ பெட்ஸ்" என்றார். "லவ்லி பெட்ஸ்."

பெட் என்ற சொல் எனக்குத் தெரியும். குருநாகல் ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரர் கிடந்தபோது பெட் நம்பர் சொன்னால்தான் உள்ளே விடுவார்கள். அந்த மனிசி ஒருநாளும் எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை. எப்படி மூன்று என்று சரியாகச் சொன்னார்? ஜன்னலால் பார்த்திருக்க வேண்டும், அல்லது யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். எனக்குக் கையில் இருந்த வாளி நழுவிக் காலில் விழுந்தது. அவர் பதறிக் குனிந்து என் காலைத் தடவிப் பார்த்தார். பிடிக்க வருகிறவர்களும் இப்படி இரக்கமாக இருப்பார்களோ என்று அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அன்று சாப்பிடும்போது ராசன், "ஞாயிற்றுக்கிழமை எங்கடை வீட்டைப் பாக்கச் சனம் வரும் அம்மா. ஊருக்குள்ளை சில வீடுகளைத் திறந்து விடுகினம், நாங்களும் ஓம் எண்டிட்டம்" என்றான். என்னத்தைப் பார்க்க என்று கேட்டேன். "எல்லாத்தையும்தான்" என்றான். குழந்தை தண்ணீரைக் கவிழ்த்துவிட்டது, கதை அதோடு போய்விட்டது. திரும்பக் கேட்டிருக்கலாம். ஆனால் என் மகனே ஓம் என்று சொல்லிவிட்டான் என்றால், அவனுக்கும் வேறு வழியில்லை என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். அவனைக் கேட்டு இன்னும் வருத்துவானேன்? சனிக்கிழமை அவனே படலையில் ஒரு இலக்கம் எழுதிய மட்டையைக் கம்பியால் கட்டினான். இலக்கம் கட்டிய வீடு. நான் ஜன்னல் சீலைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு காலை மூன்று பேரும் தேவாலயத்துக்குப் பக்கத்து மண்டபத்துக்குப் போனார்கள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்க ஆள் காணாது என்று கமலாவைக் கேட்டிருந்தார்களாம், ராசன் கதிரை அடுக்கப் போனான். "நீங்கள் உள்ளையே இருங்கோ அம்மா, வெளியிலை வரத் தேவையில்லை" என்று ராசன் சொல்லிப் போனான். நான் சரி என்று தலையாட்டினேன். கார் திரும்பின உடனே வேலையைத் தொடங்கினேன். மடக்குக் கட்டிலை மடித்து, இழுத்து இழுத்துப் பின்னால் மண்வெட்டி வைக்கிற கொட்டில் பக்கம் கொண்டுபோய் எலுமிச்சை மரத்துக்குப் பின்னால் சாத்தினேன். அறையில் கட்டில் கால் பட்ட இடத்தைத் துடைத்தேன். என் பல்லுத்தூரிகை, விபூதிக் குட்டான், கொடியில் கிடந்த சீலை, தலைமயிர் சிக்கியிருந்த சீப்பு, எல்லாவற்றையும் பாஸ்போட்டோடு ஒரு கடைப் பைக்குள் போட்டேன். நான் தேத்தண்ணி குடித்த கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தேன். எல்லாம் முடித்து வாசலில் நின்று திரும்பிப் பார்த்தபோது அந்த வீட்டில் நான் ஒருநாளும் இருக்கவில்லை. அவ்வளவு சுத்தமாகத் துடைத்திருந்தேன். குருநாகலில் கட்டில் என்னை ஒளித்தது, இங்கே நான் கட்டிலை ஒளித்தேன். 

அந்த நேரம் படலை கிறீச்சிட்டது. சனம் வந்துவிட்டது. ஒருவர் இருவர் இல்லை, கூட்டம். தொப்பியும் கமராவும் கையில் கடதாசியுமாக. கடதாசியைப் பார்ப்பதும் படலை இலக்கத்தைப் பார்ப்பதுமாக உள்ளே வந்தார்கள். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கத்தால் ஒழுங்கைக்கு இறங்கினேன்.

பயந்த சனம் கோயிலுக்குத்தான் ஓடும். எங்கள் ஊரிலும் சைவக்காரர் மாதா கோயிலுக்குள் ஓடித் தப்பினது உண்டு. அதனால் எனக்கு வேறு யோசனை வரவில்லை. தேவாலயக் கதவு அகலத் திறந்திருந்தது. செருப்பை வாசலில் கழற்றினேன். வேறு ஒரு சோடிச் செருப்பும் அங்கே இல்லை. உள்ளே கால் வைத்ததும் பூ மணம் மூச்சை அடைத்தது. ஜன்னல் படிகளெல்லாம் பூ. ஆட்கள் இருக்கிற மர வாங்குகளின் ஓரத்தில் பூ. கதவில் வட்டமாகக் கட்டிய பூவளையம். முன்னால் நீள மேசையில் வெள்ளைத் துணி விரித்து, ஆள் நீளத்துக்கு வெள்ளைப் பூவும் நீலப் பூவும் குவித்திருந்தது. ஆட்கள் காலடிச் சத்தம் கேட்காமல் நடந்து, குனிந்து பார்த்து, மெல்லிய குரலில் கதைத்துக்கொண்டு போனார்கள். ஒருவர் மூலையில் இருந்து ஆர்மோனியம் மாதிரி ஒரு பெட்டி வாசித்துக்கொண்டிருந்தார். நான் பார்த்த மாத்திரத்தில் விளங்கிக்கொண்டேன். செத்தவீடு.

முன் வாங்கில் என் வயதுள்ள ஒரு வெள்ளைக்கார மனிசி தனியாக இருந்தார். மூக்கும் கண்ணும் இரத்தமாகச் சிவந்திருந்தது. மூக்குத் துடைக்கிற லேஞ்சியை முகத்தில் வைத்து வைத்து எடுத்தார். செத்தவீட்டுக்குள் தெரியாமல் வந்துவிட்டாலும் வந்தது வந்ததுதான். சும்மா திரும்பிப் போனால் அது அவமரியாதை. என்ன பாஷை பேசினாலும் செய்ய வேண்டியது ஒன்றுதானே. நான் போய்ப் பக்கத்தில் இருந்து, அவருடைய கழுத்தைக் கட்டிக்கொண்டேன். அவர் மரக்கட்டை மாதிரி விறைத்தார். என்னைப் பார்த்து, லேஞ்சியைக் காட்டி, "பொலன்" என்றார். "பொலன்." புருஷன்காரரின் பெயராக்கும் என்று நினைத்தேன். "ஐயோ, பொலன் ஐயா" என்று சொன்னேன். அதற்குப் பிறகு எனக்கு அடங்கவில்லை. வெடித்து அழுதேன். அது பொலன் ஐயாவுக்கு அழுத அழுகை இல்லை என்று எனக்கே தெரியும். வெடித்த ஓட்டுக்கும், தையல் மெசினுக்கும், துடைத்து வைத்துவிட்டு வந்த அறைக்கும் சேர்த்து வந்த அழுகை. அவர் என் முதுகில் இரண்டு தரம் தட்டினார், குழந்தைக்கு ஏவறை எடுக்கத் தட்டுகிற மாதிரி. பிறகு அந்தக் கை நின்றது. பிறகு அவருடைய தோளும் குலுங்கத் தொடங்கியது. பெட்டி வாசித்தவர் வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

யாரோ மண்டபத்துக்கு ஓடிப்போய்க் கமலாவைக் கூட்டி வந்தார்கள். அவள் இடுப்பில் கட்டிய துணியோடு வந்து நின்றாள்.

"மாமி, இஞ்சை என்ன செய்யிறியள்?"

"ஆர் பிள்ளை செத்தது?"

"ஒருத்தரும் சாகேல்லை. இது பூக் கண்காட்சி."

"அப்ப பொலன் ஆர்?"

கமலா வாயைப் பொத்திக்கொண்டாள். பொலன் என்றால் மகரந்தம் என்றாள். வசந்தம் வந்தால் இந்த நாட்டில் பாதிப் பேருக்குப் பூத்தூளால் கண் சிவந்து மூக்கு ஒழுகுமாம். சிரிப்பை அடக்கி அடக்கிச் சொன்னாள். பிறகு என் மடியில் இருந்த பையைக் கண்டாள். சீப்பின் முனை வெளியே தெரிந்தது. அவளுடைய சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"இதென்ன மாமி? எங்கை வெளிக்கிட்டனீங்கள்?"

"கட்டில் எண்ண வந்திட்டினம் பிள்ளை. மிஸிஸ் பெய்லி மூண்டு எண்டு சொல்லிப்போட்டா. நான் என்ரை கட்டிலை ஒளிச்சிட்டன். கேட்டால் இரண்டுதான் எண்டு சொல்லுங்கோ."

அவள் என் பக்கத்தில் இருந்துவிட்டாள். பக்கத்து மனிசியையும் சேர்த்து மூன்று பேரும் அந்த வாங்கில் வரிசையாக இருந்தோம். கமலா என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "மாமி, இங்கிலீசிலை பூப் பாத்தியையும் பெட் எண்டுதான் சொல்லுறது. முன்னுக்கு இரண்டு பாத்தி, பக்கத்திலை ஒண்டு. அதைத்தான் அவ எண்ணினவ. அதைப் பாக்கத்தான் சனம் வந்தது."

பாத்தி. நான் பிறந்த வீட்டில் வெங்காயத்துக்குப் பாத்தி கட்டி, விடியப் புறத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிவிட்டு வளர்ந்தவள் நான். எனக்குப் போய்ப் பாத்தியை ஒருவர் சொல்லித் தர வேண்டி வந்தது. செடி நிற்கிறதுக்கும் மனிசர் கிடக்கிறதுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிற சனத்தோடு நான் எப்படிக் கதைத்து மீளப்போகிறேன் என்று நினைத்தேன்.

அந்த வெள்ளைக்கார மனிசியின் பெயர் டோரீன். போகும்போது தன் லேஞ்சியை மடித்து என் கையில் வைத்தார். அவருக்குப் பூத்தூள்தான் என்று கமலா இன்றைக்கும் அடித்துச் சொல்கிறாள். தும்மலுக்குத் தோள் அப்படிக் குலுங்காது என்று நான் சொல்கிறேன். அவர் வீட்டில் யாரும் செத்துப்போனார்களா என்று விசாரித்துச் சொல் என்றேன். இங்கே அப்படிக் கேட்கக்கூடாதாம்.

வீட்டுக்குக் கமலாவோடு நடந்து வந்தேன். படலைக்குக் கிட்ட வந்ததும் என் கால் நின்றுவிட்டது. தோட்டத்தில் நடுவிலே என் மடக்குக் கட்டில் விரித்து நின்றது. அதில் இரண்டு தொப்பிக்கார மனிசிகள் தேத்தண்ணிக் கோப்பையோடு சாவகாசமாக இருந்தார்கள். எலுமிச்சை மரத்தைப் பார்க்கப் போன மிஸிஸ் பெய்லி கட்டிலைக் கண்டெடுத்து, வருகிறவர்கள் இருந்து இளைப்பாறத்தான் நாங்கள் வைத்திருக்கிறோம் என்று நினைத்து விரித்துவிட்டாராம். நான் ஊர் உலகத்துக்கெல்லாம் மறைத்ததை வெயிலில் போட்டு அதன்மேல் ஆட்கள் இருந்தார்கள். என்னைக் கண்டதும் ஒருவர் ஓரமாகத் தள்ளியிருந்து இடம் விட்டு, கன்வஸைத் தட்டிக் காட்டினார். என் கட்டிலில் என்னை இருக்கச் சொன்னார். நான் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். படலையால் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.  நான் அவர்களுடைய முகத்தைப் பார்க்கவில்லை, கால்களைத்தான் பார்த்தேன்.

ராசன் விஷயம் கேட்டு என்னை ஏசவில்லை. படலையில் கட்டின கம்பியை அறுத்து அந்த இலக்க மட்டையைத் தானே எடுத்து எறிந்தான். கடிதம் அந்த வருஷ முடிவில்தான் வந்தது. இருக்கலாம் என்று எழுதியிருந்தது. மகன் எனக்குப் பலகைக் கட்டில் ஒன்று வாங்கினான், மடிக்க முடியாதது. பாரத்துக்கு இரண்டு பேர் சேர்ந்துதான் அசைக்கலாம். நல்ல கட்டில். ஆனால் கடைப் பை இன்னும் அதற்குக் கீழேதான் இருக்கிறது, பாஸ்போட்டோடு. கமலாவுக்குத் தெரியும். கூட்டும்போது அதை எடுத்துவிட்டுக் கூட்டித் திரும்ப அந்த இடத்திலேயே வைக்கிறாள்.

இந்த வசந்தத்துக்கும் மிஸிஸ் பெய்லி வந்து கேட்டார். ராசன் என் முகத்தைப் பார்த்தான். நான் ஓம் என்று தலையாட்டினேன். மடக்குக் கட்டிலை நானே தூக்கிக்கொண்டு போய் விரித்தேன். போன தரம் கால் பதிந்த இடத்திலேயே வைத்தேன். இரண்டு கால் பாத்தி மண்ணில், இரண்டு கால் சீமெந்து நடைபாதையில். ஆள் இருந்தால் மண் பக்கம் மெல்லக் கீழே போகிறது, சீமெந்துப் பக்கம் அப்படியே நிற்கிறது. எவ்வளவு திருப்பி வைத்தாலும் மட்டமாக வரவில்லை. நான் அந்தச் சரிவிலேயே இருந்து, வருகிறவர்களுடைய கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதில் பிழை இருந்தால் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். தேவாலயத்து மேசையில் குவித்திருந்த அந்த நீலப் பூவின் பெயர் எனக்குத் தெரியாது. பொன்னம்மா அக்கா கட்டில் எண்ணுவார்கள் என்று சொன்னது எங்காவது நடந்ததா என்றும் தெரியாது. கட்டில் முதல் தரம் முழுக்கப் புல்லில்தான் நின்றது, பாத்தியில் கால் படவே இல்லை என்று ராசன் சொல்கிறான். எனக்கு அப்படி ஞாபகம் இல்லை. அன்றைக்குக் கமரா கொண்டு வந்தவர்கள் யாரிடமாவது படம் இருந்தால், கட்டிலின் கால்கள் எங்கே நிற்கின்றன என்று ஒருக்கால் பார்த்து எழுதுங்கள்.